ஆறு மாதத் தராசு

வரலாறு படிக்கப்போகிறேன் என்று தேக்காச் சந்தையில் ஒரு பெண்பிள்ளை வாய்தவறிச் சொல்லிப் பார்க்கட்டும். மீன் வாங்க வந்தவரும் பொருளியல் நிபுணராகிவிடுவார். "அதைப் படிச்சு என்னம்மா பண்ணுவே? மியூசியத்துல டிக்கெட் கிழிப்பியா?" கேட்பவர் அவளுக்கு மாமா முறைகூட இல்லை. கட்டணம் கட்டப்போவதும் அவரல்ல.

அவரைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் தராசைக் கொடுத்தவர்கள் வேறு. ஆண்டுதோறும் நம் பல்கலைக்கழகங்கள் பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வு நடத்துகின்றன. கடைசித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் கேள்வி வந்துவிடும்: என்ன வேலை, என்ன சம்பளம்? 2024இல் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி. கணினி படித்தவர்கள் 5,500ஐத் தாண்டிவிட்டார்கள். கலைப்புலத்துப் பிள்ளைகள் இடைநிலைக்குக் கீழே. முடிந்தது வழக்கு. அசோகர், சோழர், ஜப்பானியர் ஆட்சிக்காலம் எல்லாவற்றுக்கும் ஆறே மாதத்தில் தீர்ப்பு.

இந்தத் தராசில் நாராயணப் பிள்ளையை ஏற்றிப் பார்ப்போம். 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இறங்கியவர். செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார். 1822இல் கடை எரிந்தது. கடன்காரர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். அந்த நேரத்தில் படிவத்தோடு ஒருவர் போயிருந்தால், 'தற்போதைய வேலை: சாம்பல் அள்ளுதல். வருமானம்: இல்லை. இவர் வழியைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க வேண்டாம்' என்று குறித்துக்கொண்டு வந்திருப்பார். அந்த மனிதர்தான் 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். 2019இல் இருநூற்றாண்டு நினைவுக்கு ஆள் தேவைப்பட்டபோது ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் பக்கத்தில் அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சில நாளில் எடுத்தும்விட்டார்கள். ஒப்பந்த வேலைதான்; முழுநேர நிரந்தரம் இல்லை. கருத்தாய்வில் இப்போதும் அவர் தேறமாட்டார்.

அவரை ஏடுகளிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது எந்தக் கணினியும் இல்லை. பழைய ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.

வரலாறு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இளையர்களுக்கு நாடு பிறந்த கதையே தெரியவில்லை என்று 1997இல் அரசாங்கம் பதறியது. தேசியக் கல்வித் திட்டம் பிறந்தது. பள்ளியில் கட்டாயம் படி, தேர்வு எழுது, தேசிய தினத்தில் கொடி ஆட்டு. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தாயிற்று. விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். அதையே பட்டப்படிப்பாகப் படிக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் பிழைக்கத் தெரியாதவள்.

கவிதை நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று 1960களில் திரு லீ குவான் யூ பல்கலைக்கழக மாணவர்களிடம் சொன்னார். அன்றைக்கு நாடு ஏழை, போகட்டும். இன்றைக்கு என்ன குறை? தாராளக் கலைகளுக்கென்று தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரியை 2025இல் மூடினோம். மே மாதம் அதன் நூலகத்துப் புத்தகங்கள் பைபையாக மறுசுழற்சி லாரியில் ஏறின. படம் வெளியாகி ஊர் கொதித்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஆறு மாதத்தில் அந்தப் புத்தகங்களுக்கு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

படிப்புக்கு வாங்கும் கடன் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அரசு மானியம் போகவும் குடிமக்களுக்குக் கலைப்புலக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். நான்கு ஆண்டில் 32,000ஐத் தாண்டும். கணினிக்கும் ஏறத்தாழ அதே கட்டணம். வங்கிக் கல்விக்கடன் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும்வரை வட்டியில்லை, படித்து முடித்ததும் வட்டி ஓடத் தொடங்கும். இல்லையென்றால் அப்பாவின் மத்திய சேமநிதிக் கணக்கு. எடுத்ததை 2.5 விழுக்காடு வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்டவேண்டும். அப்பாவின் முதுமையை அடகுவைத்துத்தான் அசோகரைப் படிக்க வேண்டும் என்றால், பேருந்து ஓட்டுநர் மகள் தயங்குவதில் என்ன தவறு? பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தராசே கிடையாது. அவன் லண்டனில் போய் வரலாறு படித்துவிட்டு வருவான்; அதற்குப் பெயர் பரந்த அறிவு. கடைசியில் ஊரின் கதையை யார் எழுதுவார்கள்? கடன் வாங்கத் தேவையில்லாதவர்கள்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார் தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். நாள்கூலிக்கு உழைத்தவர்கள் கொடுத்தார்கள். அந்தத் துறையில் படித்து வெளியே வருகிறவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டுவிட்டா கொடுத்தார்கள்? பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்களுக்கு இருந்த தெளிவு, வீட்டுக்கு மூன்று பட்டம் மாட்டியிருக்கும் நமக்கு இல்லை.

கல்வி அமைச்சுக்கு இரண்டே விண்ணப்பம். ஆறாம் மாதம் கேட்பதை இருபதாம் ஆண்டிலும் கேட்டு, அதையும் அதே அட்டவணையில் போடுங்கள். கடன் தவணையைச் சம்பளத்தோடு கட்டுங்கள்: குறிப்பிட்ட வருமானத்தைத் தொட்ட பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1989இலேயே கொண்டுவந்துவிட்டது. அங்கே அது எப்படி நடந்தது என்று விவரம் வேண்டுமானால், வரலாறு படித்த ஒருவரை வேலைக்கு வைத்துக் கேளுங்கள். நிரந்தர வேலையாக.