பெரிய சார் பெரிய சாருக்கு எழுதியது

“ஒரு லைசென்ஸ் போதும் தம்பி. எல்லாரும் அதுலயே உள்ள போய்க்குவாங்க.”

மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் நேற்று சாயங்காலம் சொன்னது. இன்னும் எனக்கு ஆறவில்லை. முக்கால் மணி நேரம் டெமோ காட்டி, தொண்டை வறண்டு, அவர் வரவழைத்த காபியும் ஆறிப்போன பிறகு வந்த தீர்ப்பு அது.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸை இட்லி என்று வைத்துக்கொண்டால் நான் பொடிக்காரன். என் ஆட்-ஆனைச் சேர்த்தால் கிளையன்ட் அனுப்புகிற ஃபைல் தானாக அவரவர் ஃபோல்டரில் போய் உட்காரும். யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று பதிவாகும். கெடு நெருங்கினால் மணி அடிக்கும். பத்துப் பேர் ஆபீஸுக்குப் பத்து லைசென்ஸ். யார் என்ன செய்தார்கள் என்று தெரியத்தானே இந்தச் சாமானே?

சரி, ஆபீஸ் தலைவரான பெரிய சார் பெயரில் உள்ள ஒரே லாகினில் பத்துப் பேரும் நுழைகிறார்கள். காலை 10.40-க்கு பெரிய சார் ஒரு பேலன்ஸ் ஷீட்டை ஏற்றுவார். 10.52-க்கு பெரிய சார், “சார், இது போன வருஷத்தது” என்று பெரிய சாருக்கு எழுதுவார். “ஸாரி சார்” என்பார் பெரிய சார். பன்னிரண்டு மணிக்கு, பரீட்சைக்குப் படிக்க லீவு வேண்டும் என்று பெரிய சார் பெரிய சாரிடம் கெஞ்சுவார். பெரிய சார் பார்த்துவிட்டுப் பதில் போட மாட்டார். மூன்று மணிக்கு, பெரிய சார் சிடுமூஞ்சி என்று பெரிய சாரே பெரிய சாரிடம் ரகசியமாகச் சொல்வார். சாயங்காலம் பெரிய சார் தயாரித்ததைப் பெரிய சார் சரிபார்த்து, பெரிய சார் ஒப்புதல் கொடுத்ததாகப் பதிவேறும். தனக்குத்தானே இவ்வளவு பேசுகிறவரை வீட்டில் விட்டுவைப்பார்களா?

வேடிக்கை என்னவென்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம். அதை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். வருஷம் பூராவும் அது ஓடியதா என்று ஆடிட் அறிக்கையில் எழுத வேண்டியவர் யார்? இதே பெரிய சார். கிளையன்ட் ஆபீஸில் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டில் டேலியைத் திறந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதெல்லாம் கன்ட்ரோல் வீக்னஸ்” என்று குறித்துக்கொள்வார். சொந்த ஆபீஸில் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது. நான் இருந்த நாற்காலியிலிருந்தே படிக்க முடிந்தது.

இவர்களிடம் விற்பதற்கு ஒரு சூட்சுமம் எனக்குப் பிடிபட்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் தேதி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இரண்டே வரி.

ஆடிட்டரிடம் டெமோவுக்குத் தேதி கேட்டால், “ஏழாம் தேதி டிடிஎஸ் கட்டணும், அது முடியட்டும்” என்பார். முடிந்தால் 11 ஜிஎஸ்டிஆர்-1. அப்புறம் 15, பிஎஃப், இஎஸ்ஐ. அதுவே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்றால் அட்வான்ஸ் டாக்ஸும் சேர்ந்துகொள்ளும். 20 வந்தால் ஜிஎஸ்டிஆர்-3பி, அன்றைக்கு ஜிஎஸ்டி தளத்தில் சக்கரம் சுற்றும். ஆபீஸே அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். “21 சும்மாதானே சார்?” என்றேன் ஒருமுறை. “மூணு மாசத்துக்கு ஒருதரம் ரிட்டர்ன் போடறவங்களுக்கு 22 தம்பி” என்றார். மாசக் கடைசியில்? ஜூலை 31 சம்பளக்காரர்களின் ரிட்டர்ன். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட். அக்டோபரில் கம்பெனி ஃபைலிங், டிசம்பர் 31 ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன். ஏப்ரல் பிறந்ததும் வங்கிக் கிளை ஆடிட் என்று பாதிப் பேர் வெளியூரில். சர்க்கார் மனம் இரங்கித் தேதியைத் தள்ளிவைத்தால் மூச்சு விடுவார்களோ என்றால் அதுவும் இல்லை. 2025-ல் ஜூலை 31-ஐ செப்டம்பர் 15 ஆக்கினார்கள், கடைசி நிமிஷத்தில் இன்னொரு நாள் தந்தார்கள். கிளையன்ட்டுகளும் அதே கணக்கில் பேப்பர்களைத் தள்ளிப்போட்டார்கள். இத்தனைக்கும் நடுவே ஆடி மாசம் புதுசாக எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. டிசம்பரில் மிச்சமிருக்கும் சாயங்காலம் சபா கச்சேரிக்கு. தப்பித் தவறி ஒரு செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தால் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். மணி அடிக்கிற ஆட்-ஆனை விற்க, மணி பார்த்தே என் காலம் போகிறது.

வக்கீல்கள் பரவாயில்லை. ஹைகோர்ட்டுக்கு மே மாசம் லீவு உண்டு. அப்போது அவர்கள் ஊரிலேயே இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் தாண்டி உள்ளே நுழைந்தால் எதிராளி வாட்ஸப். கிளையன்ட் பேங்க் ஸ்டேட்மென்டை மேஜைமேல் விரித்து, கோணலாக, ஃபேன் நிழலும் கட்டைவிரலும் விழ போட்டோ எடுத்து அனுப்புகிறார். அடுத்தது பேரனின் பிறந்தநாள் கேக். அதற்கடுத்து ஸ்டேட்மென்டின் மூன்றாம் பக்கம். இரண்டாம் பக்கம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆடிட்டரிடம் பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்களை எக்ஸெலில் அடிக்கிறான். டெமோவில் நான் இதைச் சுட்டிக்காட்டி, “இதைத்தான் சார் நம்ம சாஃப்ட்வேர் தவிர்க்கும்” என்றேன். “அதுக்குத்தான் பையன் இருக்கானே” என்றார் பெரிய சார். பையன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு லைசென்ஸ் விற்றிருக்கும், கையெழுத்துப் போடுகிற அதிகாரம் மட்டும் அவனுக்கு இருந்திருந்தால். என் கம்பெனியின் சேல்ஸ் குழுவே வாட்ஸப்பில்தான் இயங்குகிறது என்பதை நான் அங்கே வாய் திறக்கவில்லை.

சூட்சுமம் என்றேனே? அதற்கும் முதலில் டெமோ நடக்க வேண்டும். டெமோவுக்குத் தேதி வேண்டும். என் டார்கெட்டோ காலாண்டுக்கு ஒருமுறை முடிகிறது: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச். ஆடிட்டர்கள் போனைக் கவிழ்த்து வைக்கிற அதே மாசங்கள். இன்று காலை மீட்டிங்கில் பெங்களூரிலிருந்து என் மேலாளர் உற்சாகமாக ஒரு யோசனை சொன்னார்: மார்ச் கடைசி வாரத்தில் ஆடிட்டர் ஆபீஸ்களை ஒரே மூச்சில் மடக்கிவிட வேண்டுமாம், அப்போதுதான் அவர்களிடம் செலவாகாத பட்ஜெட் மிச்சமிருக்குமாம். நான் மைக்கை மியூட் செய்துவிட்டு, தமிழில் கொஞ்ச நேரம் பேசினேன்.