படத்தில் இருப்பவர்களின் விண்ணப்பம்

அனுப்புநர்: வால்பாறைச் சிங்கவால் குரங்குகள், வரையாடுகள், காங்கேயம் காளைகள் மற்றும் கயிறு பிடித்து நிற்பவர்கள்.
பெறுநர்: தமிழ்நாடு சுற்றுலாத் துறை, சென்னை.
பொருள்: போட்டோ டூர்களில் நடிப்புக்கூலி கோருதல்.
பார்வை: 600 எம்எம் லென்ஸ்.

ஐயா,

போட்டோ டூர் என்பது கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொரு கேமராக்காரருக்குப் பணம் கட்டி, அவர் கை காட்டும் பக்கம் கூட்டமாகத் திரும்பிப் படம் எடுக்கும் தொழில். அதையே வொர்க்‌ஷாப் என்றால் கட்டணம் கூடும். ஜீப், அறை, சாப்பாடு, மென்டாரின் அறிவுரை எல்லாம் கட்டணத்தில் சேர்த்தி. படத்தில் இருப்பவரின் கூலி மட்டும் சேர்த்தியில்லை.

கோவையிலிருந்து கிளம்பும் டூருக்கு வால்பாறை கைக்கெட்டும் காடு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டியே வரையாடு நிற்பதுண்டு. மாநில விலங்கான அதற்கு 2022-இல் தமிழக அரசு சுமார் 25 கோடி ரூபாயில் தனித் திட்டம் அறிவித்தது. அதில் போஸ் கொடுப்பதற்கான படி எதுவும் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சிங்கவால் குரங்கின் வழக்கு சற்றுச் சிக்கலானது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை; அழியும் அபாயத்தில் உள்ள இனம். மரத்தின் உச்சியில் வெடிப்பலாவைத் தின்று காலம் தள்ள வேண்டிய பிராணி. வால்பாறைப் பக்கத்துப் புதுத்தோட்டத்தில் காடு தேயிலைக்கு நடுவே துண்டாகி நிற்பதால் அது சாலைக்கு இறங்கியது. சாலையில் சிப்ஸ் கிடைத்தது. சிப்ஸ் கிடைத்த இடத்துக்கு லென்ஸும் வந்தது. வனவிலங்குக்குத் தீனி போடுவது குற்றம் என்ற பலகையின் அடியிலேயே பாக்கெட் பிரிக்கப்படும். வண்டியில் அடிபட்டுக் குரங்குகள் சாவதைக் கண்டு, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டினார்கள். பாலத்தில் போகும் குரங்குக்கு மார்க்கெட் இல்லை, பின்னணி கெட்டுவிடுகிறதாம். ரோட்டோரக் குரங்கின் படத்தில் தார் ரோட்டை வெட்டிவிட்டு, ‘மழைக்காட்டின் அபூர்வத் தருணம்’ என்று கேப்ஷன் போடப்படும்.

சமவெளியில் பாடம் வேறு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. அங்கே தலைப்பாகைப் பெரியவர் கிடைத்தால், டூர்காரர்கள் அவர் கையிலிருக்கும் செல்போனை மறைக்கச் சொல்வார்கள், பீடி பற்றவைக்கச் சொல்வார்கள். புழுதி போதாதென்று காளையைத் திரும்ப ஓட்டிவரச் சொல்வார்கள். “ஏனுங்க தம்பி, நான் மாடு விக்க வந்தேனுங்க” என்பது எந்த மென்டார் காதிலும் விழுவதில்லை. காளை மிரண்டு மிதித்தால் மாவுக்கட்டு பெரியவருக்கு. படம் பரிசு வாங்கினால் கோப்பை எடுத்தவருக்கு.

ஆகவே, குரங்கின் கூலியை வெடிப்பலாக் கன்றுகளாக நட்டுத் தரவும், ரோட்டில் எடுத்த படத்தில் ரோடு தெரியவும், வொர்க்‌ஷாப் பாடத்திட்டத்தில் கேமராவைக் கீழே வைக்க ஒரு பீரியட் ஒதுக்கவும் துறை ஆணையிட வேண்டும். இவையெல்லாம் நிதித்துறை ஒப்புதலுக்குப் போய்த் தேங்கும் என்பதால், செலவில்லாத ஒன்றையாவது உடனே செய்யலாம்: சந்தைப் பெரியவரின் விலாசத்தைக் கேட்டு எழுதி, அவர் படத்தில் ஒரு பிரிண்ட்டை அவருக்கே தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும்.