செட்டு இன்னும் சூடாகல

ஊருக்கு ஒருவர் உண்டு. ஒரு காலத்தில் மைக்செட் கட்டியவராக இருப்பார். இல்லையென்றால், மைக்செட்காரர் பின்னால் ஒயர் சுருட்டிக்கொண்டு திரிந்து இப்போது பென்ஷன் வாங்குபவராக இருப்பார். பழைய இரும்புக்குப் போக இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைக் காசு கொடுத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். டிரான்ஸ்ஃபார்மர் கனத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "கனம் இருந்தாத்தான்டா செட்டு" என்பார், தைலம் தேய்த்துக்கொண்டே.

அடித்தட்டைக் கழற்றினால் கரப்பான் முட்டை, எலி கடித்த ஒயர், யார் கல்யாணத்து அட்சதையோ நாலு மணி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவார். பேரனைக் கிட்டே விடமாட்டார். அதில் நியாயம் இருக்கிறது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் வரை பதுங்கியிருக்கும்.

நேரடியாகக் கரண்ட் கொடுக்கமாட்டார். 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போடுவார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் செட்டு பிழைத்தது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். குண்டு பல்பு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் குளியலறை இருட்டு.

காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சரை மாற்றினால்தான் 'உர்ர்' என்ற ஹம் போகும். கப்ளிங் கண்டன்சர் லீக் ஆனால் அவுட்புட் வால்வின் பிளேட் செக்கச்செவேலென்று ஆகிவிடும். அவருக்குப் பிரஷர் ஏறும். மகள் கல்யாணத்தில் "ஜாதகமாவது மண்ணாவது" என்றவர், ஈ.எல்.34 வால்வு இரண்டுக்குப் பத்துப் பொருத்தமும் பார்ப்பார். புஷ்-புல்லில் இரண்டும் சமமாகக் கரண்ட் இழுக்கவேண்டுமாம். பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு எப்போதோ நின்றுபோனதால் ஸ்லோவாக்கியாவிலிருந்து வரவழைக்கிறார். வீட்டம்மாவிடம் விலை சொல்லும்போது ஒரு சைபர் குறையும்.

வெள்ளோட்ட நாள். சுவிட்சைப் போட்டாயிற்று; சத்தமே இல்லை. மருமகன் வாயைத் திறந்தார்.

"பொறுங்க மாப்ளே, செட்டு இன்னும் சூடாகல. போட்டவுடனே கத்துறது ப்ளூடூத்து. இது பாடும்."

பாடியது. மொட்டைமாடிக் குழாயிலிருந்து சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு தெருவை நிறைத்தது. "பேஸைக் கேட்டீங்களா!" என்றார். அந்தத் தகரக் குழாயில் பேஸ் எங்கிருந்து வரும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மணி பத்தேகால். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் விதி வந்தது. அவர் செட்டு அதற்கு முந்தியது. பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன சார் இது, பெட்ரூம்ல படுக்க முடியல!"

"ஜன்னல் சாத்தியிருந்துச்சா?"

"சாத்தியும் கேக்குது!"

"அடியில 'உர்ர்'ருன்னு ஹம் ஏதாவது?"

"பாட்டுதான் சார் கேக்குது!"

நம்மாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.