லீவு மே மாதம், தண்ணீர் ஜூலை மாதம்

அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. ஏப்ரல் கடைசி வாரம், மின்விசிறிக் காற்றே சுடுகிறது. மாமா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுத் தண்ணீரை அளந்தே தலை நரைத்தவர். மருமகனுக்குச் சென்னையில் கணினி வேலை. புதுக் கேமரா வாங்கியிருக்கிறான், இ.எம்.ஐ. இன்னும் பாதிகூட முடியவில்லை. வழி தெரிந்த ஆள் என்று மாமாவையும் பயணத்துக்குக் கூப்பிட வந்திருக்கிறான்.

மருமகன்: மே பத்தாம் தேதி கிளம்புறோம் மாமா. எக்செல் ஷீட்டே போட்டுட்டேன். ஒகேனக்கல், கொல்லிமலை ஆகாய கங்கை, கொடைக்கானல் போற வழியில தலையாறு, வால்பாறை வழியா அதிரப்பள்ளி, கடைசியா குற்றாலம். ஒவ்வொரு இடத்துலயும் விடிகாலை அஞ்சே முக்காலுக்கு ட்ரைபாடு நிக்கணும்.

மாமா: அக்னி நட்சத்திரம் மே நாலுல தொடங்கி இருபத்தெட்டுல முடியும். நட்ட நடுவுல நாள் குறிச்சிருக்க. யாருல ஜோசியம் பாத்தது?

மருமகன்: அப்பத்தானே மாமா லீவு கிடைக்கும்? அக்கா பசங்களுக்கும் அப்பத்தான் ஸ்கூல் கிடையாது.

மாமா: தண்ணிக்கும் அப்பத்தாம்ல லீவு. பள்ளிக்கூடம் திறந்து, புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிச்ச பெறவுதான் அது வேலைக்கு வரும். நம்ம ஊரு காலண்டரு போட்டவன் அருவி பாத்தவன் கிடையாது.

மருமகன்: ஒகேனக்கல்ல காவிரி மாமா! அதுவுமா வத்திப் போகும்?

மாமா: வத்தாது. அளந்து வரும். பிலிகுண்டுலுன்னு ஒரு இடம் இருக்கு, கர்நாடகாவுல இருந்து வர்ற தண்ணியை மத்திய நீர்வள ஆணையம் அங்கதான் அளக்குது. 2018 தீர்ப்புப்படி வருஷத்துக்கு நமக்கு 177.25 டி.எம்.சி. அதுல ஆகஸ்ட் பங்கு 45.95. மே மாசப் பங்கு எவ்வளவு தெரியுமா? ரெண்டரை.

மருமகன்: ரெண்டரை டி.எம்.சி.ன்னா நிறையத்தானே?

மாமா: (விரல் விட்டு எண்ணி) முப்பத்தோரு நாளைக்குப் பிரிச்சா வினாடிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கன அடி. ஆகஸ்டுக்கு இதே கணக்குப் போட்டா பதினேழாயிரம். சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி வாங்கின தண்ணியில, உன் போட்டோவுக்குன்னு யாரும் தனியா ஒதுக்கீடு கேக்கல.

மருமகன்: குறைஞ்ச தண்ணியும் அழகுதான் மாமா. ஷட்டரை மெதுவா விட்டா பட்டுத் துணி விரிச்ச மாதிரி வரும். இதோ பாருங்க, என்.டி. ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால மாட்டினா வெளிச்சம் குறையும். அறுபதுல ஒரு பங்கு வினாடியில எடுக்க வேண்டியதை ஆறு ஸ்டாப் ஃபில்டர் போட்டு ஒரு முழு வினாடி எடுக்கலாம். அந்த ஒரு வினாடியில விழுற தண்ணி அத்தனையும் ஒண்ணாக் கலந்து இழையா ஓடும்.

மாமா: தண்ணி ஓடினா சரி. பாறை ஓடாதே. பாறையை எடுக்கிறதுக்கு எதுக்கு ஃபில்டரு?

(ஃபில்டர் விலையைக் கேட்டுவிட்டு மாமா அதைக் கண்ணாடி டம்ளரைப் போல இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தார். பின்பக்கம் சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. மருமகன் சட்டைப் பையிலிருந்து துணி எடுத்துத் துடைத்தான். மாமா பார்க்காதது போல் தெருவைப் பார்த்தார்.)

மருமகன்: சரி, ஆகாய கங்கை. முந்நூறு அடி உசரம்.

மாமா: எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறணும். ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல ஆயிரத்துக்கு மேல படி இறங்கணும். அம்புட்டையும் இறங்கி, கேமராவை எடுத்து, அண்ணாந்து பாத்தா, அய்யாறு ஒரு ஓரமா ஒழுகிட்டிருக்கும். திரும்ப அதே படி. இதுக்கு உனக்கு ட்ரைபாடு தூக்க ஒரு ஆளு வேணும், என்னைத் தூக்க ரெண்டு ஆளு வேணும்.

மருமகன்: தலையாறு? தமிழ்நாட்டுலயே உசரம். 297 மீட்டர். அதுக்குப் படியே கிடையாது, வத்தலக்குண்டு ரோட்டுல டம் டம் பாறையில காரை நிறுத்தி அப்படியே எடுத்துடலாம்.

மாமா: அதை வெள்ளைக்காரன் எலிவால்னு சொல்லுவான். மே மாசம் போனா எலியும் இருக்காது, வாலும் இருக்காது. எட்டத்துல புகைமூட்டமா ஒரு மலை நிக்கும். அது சரி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்தியா?

மருமகன்: கொடைக்கானலுக்கா?

மாமா: ஹைகோர்ட்டு சொல்லி 2024 மே ஏழுல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸு. அடுத்த வருஷம் நீலகிரிக்கு வேலை நாள்னா ஆறாயிரம் வண்டி, சனி ஞாயிறு எட்டாயிரம்னு கணக்கே வச்சுட்டான். எக்செல்ல அதுக்கு ஒரு கட்டம் போடு.

மருமகன்: (போட்டுக்கொண்டே) அதிரப்பள்ளியைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அது எப்பவும் ஓடும். புன்னகை மன்னன் அருவி மாமா!

மாமா: 1986-ல கமலும் ரேகாவும் குதிச்சதைப் பாத்துட்டு, நாம எட்டி நின்னு பாக்கலாம்னு போறவங்க இன்னும் குறையல. ஓடும், நான் இல்லங்கல. ஆனா அருவிக்கு மேல சாலக்குடி ஆத்துல பொரிங்கல்குத்து அணை இருக்கு. கோடையில அந்த அணையோட பவர் ஹவுசுல டர்பைன் சுத்தினாத்தான் கீழ தண்ணி வரும். கேரளாவுல பொழுது சாஞ்சு வீட்டுக்கு வீடு லைட்டு போடுறப்ப அருவிக்கு உசுரு வரும். நீ காலைல அஞ்சே முக்காலுக்குப் போயி நின்னா அருவி தூங்கிட்டிருக்கும்.

மருமகன்: அப்ப விடிகாலை வெளிச்சம், கோல்டன் ஹவர்?

மாமா: அது எங்கயும் கிடையாதுல. வால்பாறையில இருந்து மளுக்கப்பாறை வழியாப் போறது காட்டுப் பாதை, சோதனைச்சாவடி திறந்தாத்தான் வண்டி போவும். உன் கோல்டன் ஹவர் முடிஞ்சு, வனத்துறைக்காரரு டீ குடிச்சு, நோட்டுல நம்பர் எழுதி, பிளாஸ்டிக் பாட்டிலு இருக்கான்னு டிக்கியைத் திறந்து பாத்த பெறவுதான் கம்பு மேல போவும். ட்ரோனு வச்சிருக்கியா?

மருமகன்: சின்னது.

மாமா: அதை நோட்டுல எழுத மாட்டாரு. வாங்கி உள்ள வச்சுக்கிடுவாரு.

மருமகன்: சரி, குற்றாலம் நம்ம ஊரு. அங்கயாவது என்னை விட்ருங்க. அங்க ஒரு ஐடியா வச்சிருக்கேன். பத்து ஸ்டாப் ஃபில்டர் போட்டு முப்பது வினாடி திறந்து வச்சா, நடமாடுற ஜனங்க யாருமே படத்துல விழ மாட்டாங்க. ஆளே இல்லாத பேரருவி!

மாமா: அருவிக்குக் கீழ கம்பியைப் புடிச்சுட்டு ஒருத்தன் அரை மணி நேரமா நகராம நிப்பான். அவன் மறைவானா?

மருமகன்: அவர் மட்டும் புகை மாதிரித் தெரிவார்.

மாமா: அப்ப ஆவி படம். அதுக்கு ஃபில்டரே வேண்டாம். தண்ணி நின்னா ஆளும் தானா நிக்காது. மே மாசம் ஐந்தருவியில அஞ்சு பாறை பாக்கலாம்.

மருமகன்: கம்பி, கயித்துல காயுற துணி, ஷாம்பு கவர் எல்லாம் எடிட்ல எடுத்துடுவேன் மாமா. இப்ப ஏ.ஐ. இருக்கு, ஒரு நிமிஷ வேலை.

மாமா: எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியும் எடுக்க முடியாத கவரை நீ ஒரு நிமிஷத்துல எடுத்துடுவ. நல்லது. அதே ஏ.ஐ.யில தண்ணியையும் ஊத்திக்கிட்டா என்ன? பெட்ரோலு மிச்சம்.

(மருமகன் பதில் சொல்லவில்லை. அவன் பின்தொடரும் சில படக்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் ஊற்றுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.)

மாமா: இன்னொண்ணு. அந்த நீளமான குழாய் மாதிரி ஒரு லென்ஸு இருக்கே, அதைக் குற்றாலத்துல பைக்குள்ளயே வை. பொம்பளையாளுக குளிக்கிற பக்கம் அது தற்செயலாத் திரும்பினாக்கூட, அன்னைக்கு அருவி விழுதோ இல்லியோ, அடி விழும்.

மருமகன்: நான் நிலக்காட்சிக் கலைஞன் மாமா!

மாமா: அதை அடிக்கிறவன்ட்ட சொல்லு. அருவிக்கு வந்து குளிக்காம நிக்கிறவனை நம்ம சனம் நம்பாது. துண்டைக் கட்டி, உள்ள போயி நிக்கணும். அதை விட்டுட்டு வெளிய நின்னு வேடிக்கை பாக்கிறவன் ஒண்ணு போலீஸு, இல்ல திருடன்.

மருமகன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஒண்ணு கேக்கவா? எத்தனை வருஷமா குற்றாலம் போறீங்க. பேரருவி மேல இருந்து நேரா விழுதா, நடுவுல எங்கயாவது தங்கி விழுதா? சொல்லுங்க.

மாமா: அது... நேரா... இல்ல, நடுவுல...

மருமகன்: பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்கு மாமா. தண்ணி மொதல்ல அதுல விழுந்து, பொங்கி, அங்க இருந்துதான் கீழ வருது. நீங்க ஒரு நாளும் பாத்ததில்ல. ஆயுசு பூரா அருவிக்கு முதுகைத்தான் காட்டியிருக்கீங்க.

(இந்த இடத்தில் நான் மருமகன் கட்சி. சீசனில் லட்சக்கணக்கானவர்கள் அருவிக்குப் போகிறார்கள். தலை துவட்டியதும் அடுத்த நிமிடம் கண் தேடுவது பரோட்டாக் கடையை.)

மாமா: முதுகுக்குத் தெரிஞ்சது உன் லென்ஸுக்குத் தெரியாதுல.

மருமகன்: தெரியாதுதான். அதனாலதான் மாமா, வெறும் கையோட போற நீங்க முதுகுவலி போச்சுன்னு சொல்லிட்டு வர்றீங்க, நான் அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லப் பாக்கிறேன்.

(மாமா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.)

மாமா: சரி, எடு. ஆனா ஒண்ணைக் கேட்டுக்கோ. கோடையில தண்ணியே வராதுன்னு நான் சொல்லல. வந்தா சொல்லாம வரும். 2024 மே 17, பழைய குற்றாலம். மேல மலையில மழை. கீழ குளிச்சிட்டிருந்த கூட்டம் தலைதெறிக்க ஓடுச்சு. பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். நீ பாட்டுக்குப் பாறைக்கு நடுவுல ட்ரைபாடை ஊனி, கறுப்பு ஃபில்டருக்குள்ள ஒத்தைக் கண்ணை வச்சிட்டு முப்பது வினாடி எண்ணிட்டிருப்ப. தண்ணி திடீர்னு செம்மண் நிறமா மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ, கேமராவை அப்படியே போட்டுட்டுக் கரை ஏறணும். இ.எம்.ஐ.யைப் பத்தி அப்ப யோசிக்கப்படாது.

மருமகன்: சரி மாமா.

மாமா: எக்செல்ல எழுது.

மருமகன்: எழுதிட்டேன். அப்ப மே மாசம் நான் எங்கதான் போறது? ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு.

மாமா: இந்தா, பக்கத்துல பாபநாசம். மேல அணை இருக்கு, தாமிரபரணி வருஷம் பூரா ஓடும், அகஸ்தியர் அருவியும் வருஷம் பூரா விழும். கார்ல போனா நம்ம வீட்டுல போட்ட காபி ஆறாது.

மருமகன்: அங்க கம்பி, கூட்டம், ஈரத்துணி எல்லாம் இருக்குமே.

மாமா: இருக்கும். தண்ணியும் இருக்கும். மத்த அஞ்சு இடத்துல கம்பி, கூட்டம், துணி மட்டும் இருக்கும்.

மருமகன்: ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க மாமா, இவ்வளவு தூரம் போயி ஒரே அருவியான்னு.

மாமா: ஜூலைல வாரேன்னு சொல்லு. தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவுல கொட்டிட்டு, மிச்ச மேகத்தை ஆரியங்காவு கணவாய் வழியா செங்கோட்டைப் பக்கம் அனுப்பும். அப்ப குற்றாலத்துல வெயிலும் சாரலுமா மாறி மாறி அடிக்கும். நீ லென்ஸைத் துடைச்சுக்கிட்டே இருப்ப, அது நனைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் பூரா ஒரு படம்கூட எடுக்க முடியாம நிப்ப. அதுக்குப் பேருதான் சீசன்.

மருமகன்: ஜூலைல லீவு தர மாட்டாங்க மாமா.

மாமா: உடம்பு சரியில்லைன்னு லீவு போடு. குளிச்சா சரியாயிடும்னு நானே லெட்டர் எழுதித் தாரேன். ஒரு துண்டு எடுத்துட்டு வந்துரு, கேமரா உன் இஷ்டம்.