என்னத்த...

அதிருப்தியைத் தெரிவிக்க மனு, கண்டனக் கூட்டம், கறுப்புக் கொடி என்று ஆயிரம் வழி இருந்தும் நம் ஆட்களுக்கு ‘என்னத்த’ என்ற ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

இலக்கணப்படி இது வினாதான். ‘என்ன’வோடு அத்துச் சாரியை, பின்னால் பேச்சில் தேய்ந்துபோன ஐ உருபு. ஆனால் இந்த வினாவுக்கு விடை சொன்னவனை ஊர் மன்னிக்காது. “நல்ல மழை போலிருக்கே மாமா?” “என்னத்த மழை.” எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று கணக்குச் சொல்லிப் பாருங்கள், அத்தோடு மாமா உறவு முறிந்தது. “பையன் பாஸாமே?” “என்னத்த பாஸு.” பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவரிடம் சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். அதே பதில், ஏப்பத்தோடு வரும்.

யாரையும் பேர் சொல்லித் திட்டாததால் வழக்கு வராது. எதையும் மாற்றச் சொல்லாததால் வேலையும் வராது. அதிகாரிக்கும் வாக்காளருக்கும் ஒருசேரப் பிடித்த சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1967இல் வந்த ‘நான்’ படத்தில் இதை அலுத்து அலுத்துச் சொன்ன நடிகர் கன்னையா, அதற்குப் பிறகு ‘என்னத்த கன்னையா’ ஆகிவிட்டார். திலகங்கள் மலிந்த நம் சினிமாவில் சலிப்புக்காகப் பட்டம் வாங்கியவர் அவர். மற்ற நாமெல்லாம் இலவசமாகத்தான் சலித்துக்கொள்கிறோம்.