சட்டி வாங்கும் சாத்திரம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ1 நெடுஞ்சாலை ஏறத்தாழ 115 கிலோமீட்டர் நீளமுடையது எனினும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து வான் பிடித்துப் புறப்படும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வீதி கிலோமீட்டர்களால் அன்றி வாங்கவேண்டிய சாமான்களாலேயே அளக்கப்படுகிறது. கஜுகமவில் மரமுந்திரிகைப் பருப்பு, ரதாவடுன்னவில் பிரம்புக் கதிரை, கேகாலைக்கு அண்மையிலுள்ள மொலகொடவில் மட்பாண்டம் என வீதியோரத்து ஊர்கள் தமக்குள் சரக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு, பழந்தமிழரின் ஐந்திணைப் பாகுபாட்டை நினைவூட்டுவது. ஐந்திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று உண்டு; கண்டி வீதிக்கு வாங்குபொருள் ஒன்றே உண்டு. இந்த வீதியின் திணைகளுள் மட்பாண்டத்துக்குரியதும், அதில் தலைவனும் தலைவியும் பிள்ளைகளும் மாமியும் நடந்துகொள்ளும் முறையும் இங்கு ஆராயப்படுகின்றன.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனபின், அம்மலைகளில் படையும் பீரங்கியும் ஏறுவதற்கு வழி வேண்டி, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், இவ்வீதி வெட்டப்பட்டது. அதனைச் சமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. அது விற்பனைக்கு இல்லாமையால் வான்கள் அங்கே நிற்பதில்லை. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது அதன் பாதை றம்புக்கணை வழியே போடப்பட்டமையால் கேகாலை ஒதுக்கப்பட்டது என்று வருந்துவோர் உளர். ஓடும் புகையிரதத்தின் யன்னலூடாகக் குடம் வாங்குதல் இயலாத காரியம் ஆகையால், அது மட்பாண்டங்களின் நல்வினை என்று கொள்வதே பொருந்தும்.

மொலகொடக் கடைகளின் முகப்பில் அடுக்கப்பட்டிருக்கும் பாண்டங்கள் இருவகைப்படும். முதல்வகை, சமையலுக்கும் தண்ணீருக்கும் உரியவை: சிங்களத்தில் கலகெடிய எனப்படும் தண்ணீர்க்குடம், குருலேத்துவ எனப்படும், கழுத்து ஒடுங்கிய கூசா, நெம்பிலிய எனப்படும், உட்புறத்தில் வரிவரியாகக் கீறல் இட்ட, அரிசியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கும் பாத்திரம். இதனை யாழ்ப்பாணத்தார் அரிக்கன்சட்டி என்பர். கடைகளில் கல் நீக்கிய அரிசி விற்கப்படும் இக்காலத்தில் அதன் பயன் குறைந்துவிட்டது எனினும், அதனைக் கையில் எடுத்து, “எங்கட அம்மம்மா வீட்டில இருந்தது” என்று சொல்லி, மீண்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது வெள்ளவத்தைக் குடும்பங்களில் தவறாத சடங்கு. இரண்டாம் வகை, எதற்கும் உரியவை அல்ல: தங்கநிற வர்ணம் பூசிய யானை, மயில், பூக்கள் ஒட்டிய ஆளுயரச் சாடி முதலியன. வானில் வந்தோர் பேரார்வத்துடன் பேசுவது முதல்வகையைப் பற்றி. காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இரண்டாம் வகையை.

வாங்குவோரிடையே இரு மரபுகளைப் பிரித்தறியலாம். வெள்ளவத்தை மரபினர் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து காலி வீதியின் இரு மருங்கிலும் தொடர்மாடிகளில் குடியேறியவர்கள். கண்டி வீதியில் அவர்கள் தோன்றுவது ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினருக்குப் பின்னவலையில் யானை காட்டப் போகும்போது. இவர்களது சிங்களம் இலக்கணம் வழுவாதது, ஆனால் சுருக்கமானது: விலை என்ன என்று பொருள்படும் “கீயத?” என்ற சொல்லோடு தொடங்கி, பெரும்பாலும் அச்சொல்லோடே முடிந்துவிடும், எஞ்சிய பேரம் முகபாவத்தால் நடத்தப்படும். கொட்டாஞ்சேனை மரபினரோ பல வழிகளில் வந்து கலந்தவர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கும், மலையகத்து உறவினரின் கலியாணங்களுக்கும் இந்த வீதியால் பலமுறை போய்வந்தவர்கள். கடைக்கார அம்மையாரை “அக்கே” என்று உறவு கொண்டாடி, அவரது பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் உடன்பட்டுப் பேசி, ஈற்றில் “அடு கரலா தென்ன”, அதாவது குறைத்துத் தாருங்கள், என்ற மந்திரத்தை உரிய சுருதியில் உச்சரிப்பவர்கள். முதல் மரபு கௌரவம் மிக்கது. இரண்டாம் மரபு சட்டியை மலிவாகப் பெறுவது.

இரு மரபுக்கும் பொதுவானது தட்டிப் பார்த்தல். நன்கு சுடப்பட்ட, வெடிப்பில்லாத பாண்டத்தை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ஒலி செத்துவிடும். இது இயற்பியலுக்கு ஒத்த, நம்பத்தக்க பரிசோதனையே. ஆயினும் அதனைச் செய்யும் உரிமை குடும்பத்தின் மூத்த பெண்ணுக்கே உண்டு. அவர் காதைச் சாய்த்துக்கொண்டு தட்டும்போது ஏனையோர் கச்சேரிக்கு வந்தவர்போல் அமைதி காப்பர். பதினெட்டுச் சட்டிகளைத் தட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்த பின்னர், அதனைச் சுமக்கவேண்டியவராகிய கணவர், “உது என்னத்துக்கப்பா இப்ப?” என்று கேட்பார். இவ்வினாவுக்கு விடை கூறப்படுவதில்லை.

கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையே வீதியை நோக்கி நிற்கும் உத்துவன்கந்தை என்ற குன்றிலே, 19ஆம் நூற்றாண்டில் சரதியல் என்னும் கொள்ளைக்காரன் இருந்தான். பணம் படைத்தோரின் வண்டிகளை மறித்து, பறித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று மக்கள் கதை சொல்கின்றனர். 1864இல் அவனும் அவனது தோழன் மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். அத்துடன் இந்த வீதியில் வழிப்பறி ஒழிந்தது என்று வரலாற்று நூல்கள் கருதுவது சரியன்று. குளிரூட்டிய வானில் வந்து இறங்கி, கண்டியில் ஒரு கோப்பை கோப்பிக்குக் கேட்ட காசை மறுபேச்சின்றிக் கொடுக்கப்போகும் குடும்பம், மண் பிசைந்தவனிடம் ஒரு சட்டிக்கு ஐம்பது ரூபாய் குறைப்பதற்கு இருபது நிமிடம் வாதாடும் காட்சி அங்கே நாள்தோறும் நிகழ்கிறது. சரதியலின் தொழில் தொடர்கிறது; பறிக்கும் திசை மட்டுமே மாறியுள்ளது.

வாங்கப்பட்ட சட்டி எதிர்கொள்ளும் துன்பங்கள் தனி அத்தியாயத்துக்குரியன. வானில் அதற்கென்று இடமில்லாமையால் அது யாரேனும் ஒருவர் மடியில் அமர்கிறது. அவர் மறுநாள் திரும்பி வரும்வரை அசையக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதனைப் பழக்கவேண்டும். பழக்குதலாவது, புதுச்சட்டியை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பின்னர் அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ அதில் இட்டு மெல்லிய நெருப்பில் காய்ச்சி, மாச்சத்து நுண்துளைகளை அடைக்கும்படி செய்து, மண்வாசனை நீங்கும்வரை திரும்பத் திரும்ப அவ்வாறே செய்தல். தொடர்மாடியின் ஆறாம் மாடியில், குசினித் தொட்டி முழுவதையும் ஒரு சட்டி பிடித்துக்கொண்டிருக்க, கோப்பைகளைக் குளியலறையில் கழுவும் நிலை இரண்டாம் நாளே ஏற்படுவதால், பழக்கல் பெரும்பாலும் அரைகுறையாக நின்றுவிடும். தவிரவும், மரபான சட்டிக்கு அடி உருண்டையானது. மூன்று கல் அடுப்பில் உறுதியாக இருக்கவும், வெப்பம் எப்புறமும் சீராகப் பரவவும், மூலையின்றி வெடிப்புக்கு இடந்தராமல் இருக்கவும் அவ்வாறு தட்டி உருவாக்கப்படுவது அது. எரிவாயு அடுப்பின் தட்டையான தாங்கியில் அது நில்லாது. ஆகவே, மீன் குழம்பு வைப்பதற்கென்று வாங்கப்பட்ட சட்டி, மூன்றாம் வாரம் பல்கனிக்குப் பெயர்ந்து, கற்றாழை தாங்கும் பதவியை ஏற்கிறது.

வீட்டில் அதற்கு முன்பே தயிர்ச்சட்டிகள் குடியிருக்கும். எருமைப்பாலில் உறையவிட்ட தயிர் மண்சட்டியோடு விற்கப்படுவது இலங்கையின் வழக்கம். மினுக்குப் பூசாத மண்சுவர் பாலின் நீரை உறிஞ்சுவதால் தயிர் கெட்டிப்படுகிறது. தயிரைக் கித்துள் பாணியோடு உண்டு முடித்ததும், “இவ்வளவு நல்ல சட்டியை எறியிறதோ?” என்ற வினா எழுகிறது. எறிவதில்லை. கொழும்புத் தமிழ் வீடொன்றின் தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரியைத் திறப்பவர், தொல்பொருளியலாளர் ஒருவர் பொம்பரிப்பில் பழங்கால ஈமத்தாழிகளைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியை அடையலாம்; காலவரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளும் தெளிவாக இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலன்று, மண்பானை மீண்டும் அரசுரிமை பெறுகிறது. கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டிய புதுப்பானையில், சூரியனை நோக்கி, திறந்த முற்றத்தில் பொங்கவேண்டும் என்பது விதி. தொடர்மாடியில் முற்றம் இல்லை. சூரியன் அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் உதிக்கிறான். விறகுப் புகை மேலே கிளம்பினால் காவலாளி மேலே வருகிறார். இந்நிலையில் சிலர் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று செங்கல் வைத்துக் கூட்டாகப் பொங்குகின்றனர். சிலர் பானையைப் பக்கத்தில் அலங்காரமாக நிறுத்திவிட்டு, அலுமினியப் பாத்திரத்தில் பொங்கி, பொங்கியதைப் பானையினுள் ஊற்றுகின்றனர். இரண்டாம் முறையைச் சூரியன் இதுவரை ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

2022இல் நிலைமை தலைகீழாயிற்று. நாடு அந்நியச் செலாவணி இன்றித் தவித்த அவ்வாண்டில், எரிவாயுக் கலன்களுக்காகக் கொழும்பில் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். மண்ணெண்ணெய்க்கும் அதே கதி. விறகும் மண் அடுப்பும் தேடி அலைந்த வீடுகளில், கற்றாழை வேறிடம் அனுப்பப்பட்டு, உருண்டை அடிச் சட்டி தேய்த்துக் கழுவப்பட்டு, தன் பிறப்பின் பயனை அடைந்தது. பழங்காலத்துச் சமையல் எவ்வளவு சுவையானது என்று அவ்வாண்டில் பலர் வியந்தனர். எரிவாயு வந்த மறுநாள் அந்தச் சுவை மறக்கப்பட்டது.

மட்பாண்டத்தை வாங்காமல் உற்றுநோக்கிய கொழும்புத் தமிழரும் உண்டு. 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்குப் பணிப்பாளராக இருந்தவர். கல்லும் கனிமமும் தேடி ஊரூராகச் சென்றவர், கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களிடம் மனத்தைப் பறிகொடுத்து, குயவர் தொழிலையும் உள்ளடக்கிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்டார். அதற்கான ஒளிப்படங்களை அவரது மனைவி எதெல் எடுத்தார். 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. குமாரசுவாமி அன்று நடத்திய திணைக்களத்தின் வழிவந்த நிறுவனமே இன்று களிமண் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது என்பது, குயவர்கள் இரசிக்கக்கூடிய நகைச்சுவை அன்று.

மொலகொட போன்ற குயவர் கிராமங்களை வேறு நாடுகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதற்கு ருமேனியாவின் ஹொரேசு எடுத்துக்காட்டு. அங்கே ஆண்கள் மண்ணெடுத்து, மிதித்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைய, பெண்கள் குடைந்த மாட்டுக்கொம்பின் வழியே வர்ணம் ஒழுகவிட்டும், நுனியில் மெல்லிய கம்பி பொருத்திய குச்சியால் இழுத்தும் கோலமிடுகின்றனர். அவர்களது தட்டுகளில் பேர்பெற்ற உருவம் சேவல். அக்கைவினையை யூனெஸ்கோ 2012இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலிட்டது. ஹொரேசுத் தட்டு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மொலகொடச் சட்டி பல்கனியில் வெயில் காய்கிறது. இலங்கையிலிருந்து நூற்பாவைக் கூத்து 2018இலும் தும்பறைப் பாய் 2021இலும் அப்பட்டியலில் ஏறின. சட்டியின் முறை வரும்போது அதனைக் கொண்டாடும் கொழும்பு வீடுகள், அன்று மாலையே கற்றாழையை அகற்றிவிட்டுப் படமெடுக்கும் என எதிர்பார்க்கலாம்.

கடையின் பின்புறத்தை எவரும் பார்ப்பதில்லை என்பதே இப்பயணங்களின் பெருங்குறை. வானில் வருவோர் வீதியிலிருந்து இருபது அடிக்கு அப்பால் செல்வதில்லை. மொலகொடவுக்குப் போய்வந்தோம் என்று சொல்வோர் உண்மையில் அதன் வாசற்படிக்கே போய்வந்தவர்கள். கல்லும் வேரும் பொறுக்கிய களிமண் ஊறுவதும், சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவதும், மழை நாட்களில் பச்சைப் பாண்டங்கள் காயாமல் வரிசையாகக் காத்திருப்பதும், சூளை மூட்ட விறகுக்கும் தேங்காய்ப் பொச்சுக்கும் காசு தேடுவதும், சுட்டெடுத்தபின் உடைந்ததை எவர் கணக்கிலும் எழுதமுடியாமல் ஒதுக்குவதும் வீதிக்குத் தெரிவதில்லை. ஐம்பது ரூபாய்ப் பேரம் வெட்டுவது இவற்றுள் ஏதோ ஒன்றிலிருந்துதான். வியாபாரியின் சிரிப்பிலிருந்து அன்று.

ஆகவே, அடுத்த தைப்பொங்கலுக்கு முன் கண்டி வீதியால் செல்லும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வான்கள், எரிவாயு அடுப்பில் நிற்கும் தட்டையடிச் சட்டியும் அங்கே கிடைக்கும் என்பதை அறிந்து, அதில் ஒன்றைக் கேட்ட விலைக்கே வாங்கி, வாரத்துக்கு ஒருநாளாவது அதில் மீன் குழம்பு வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன. தட்டிப் பார்ப்பதற்குத் தடையில்லை.