டிபார்ட்மென்ட் ரெப் ஆவது எப்படி?

கள்ளக்குறிச்சிப் பக்கத்து அரசு கலைக் கல்லூரிகளில் துறைப் பிரதிநிதி பதவிக்கு நிற்பது என்றால், பெரும்பாலும் எச்.ஓ.டி. கண்ணில் படும்படி நிற்பதுதான். வாக்குச்சீட்டு, பெட்டி, மை எதுவும் கிடையாது. "இந்த வருஷம் யாருப்பா ரெப்?" என்று சார் கேட்பார். வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். குனிய மறந்தவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படுவார். ஆர்வமுள்ளவர்கள் இன்றே கழுத்துப் பயிற்சியைத் தொடங்கலாம்.

சட்டப்படி பார்த்தால் கதை வேறு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நியமன முறை உள்ள கல்வி நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளில் தேர்தலுக்கு மாறிவிடட்டும் என்பது அந்தக் குழுவின் ஆசை. நம் பக்கம் அந்த ஐந்து ஆண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே கல்வராயன் மலையை மூன்று ஜாகிர்தாரர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டபோதும் யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. மண்ணுக்குப் பழகிய முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த எச்.ஓ.டி. உற்சாகத்தில் தேர்தலே வைத்துவிட்டால்? லிங்டோ விதிப்படி 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. இந்த இரண்டிலேயே கடைசி பெஞ்ச் காலி. செலவுக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த போஸ்டருக்குத் தடை, கையால் எழுதியது மட்டுமே ஒட்டலாம். காதுகுத்துக்கே நாற்பது முகங்களோடு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாகப் பிரசாரம்! கட்சிக்காரர்கள் தலையிடவும் கூடாது. ஒன்றியச் செயலாளரான உங்கள் மாமாவை ஆண்டு விழா வரைக்கும் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓட்டு எங்கே இருக்கிறது? வெள்ளிமலை பஸ்ஸில். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டும்வரை பேசிவிடுங்கள். மலைப்பாதை வளைவுகளில் உங்கள் கொள்கையைக் கேட்கும் நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள், நீங்கள் உட்பட. "கூடுதல் பஸ் விடுவேன்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அது எம்.எல்.ஏ. வேட்பாளர்களின் காப்பிரைட்.

மலைப் பிள்ளைகள் கேட்பது சின்ன விஷயம். பஸ் தாமதமானதால் பத்து நிமிஷம் பிந்தி வந்தால் முதல் பீரியடுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது. கடைசி பஸ்ஸைத் தவறவிடும்படி சாயங்காலத்தில் இன்டர்னல் டெஸ்ட் வைக்கக் கூடாது. இதை எச்.ஓ.டி.யிடம் போய்ச் சொல்லும் ரெப்பை எந்தக் காலத்திலும் கண்டதில்லை என்பார்கள் சீனியர்கள். நீங்கள் சொன்னால் சரித்திரம்.

அடுத்தது அரசின் புதுமைப்பெண் திட்டம். 2022 முதல் தகுதியுள்ள மாணவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. யாருக்கு வரவில்லை என்பதுதான் தேர்தல் பிரச்சினை. பாஸ்புக், ஆதார் நகல், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் ஒரு பெண் நிற்பாள். "சர்வர் டவுன், நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்கு வர மறுபடி அதே பஸ். அவளோடு ஜன்னலில் நின்று, "என்ன குறை என்று எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பஸ் ஓட்டு முழுசாக விழும்.

ஜெயித்த பிறகு அதிகாரங்கள்: வாட்ஸ்ஆப் குழுவில் அட்மின், ப்ரொஜெக்டர் ரிமோட்டின் காவலர், சாக்பீஸ் கொள்முதல், ஜெராக்ஸுக்குத் தலைக்கு இரண்டு ரூபாய் வசூல். கடைசியதில் எப்போதும் பதினோரு பேர் பாக்கி. கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது என்று குழுவில் ஐந்து தடவை போட்டிருந்தாலும் அன்று இரவு போன் வரும்: "ரெப்பு, ஃபீஸ் எப்ப கட்டணும்?"

முடிவு அறிவித்து இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸுக்கு டிக்கெட் இருக்கும். டீக்கடைக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ரசீது கேட்டு வையுங்கள், சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.